இயந்திரம் மறுத்தால் யார் கையெழுத்து?

செயற்கை நுண்ணறிவும் அரசும் என்ற விஷயத்தில் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த இதழின் கேள்வி-பதில் முழுவதும் அவற்றுக்கே.

கல்லூரி மாணவி, திருச்சி: ஏ.ஐ.க்கு நெறிமுறை வகுப்பது அரசின் வேலையா, கம்பெனிகளின் வேலையா?

வகுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மீறியவரை நிறுத்திக் கேட்பது அரசால்தான் முடியும். கூகுள் 2018-இல் தன் ஏ.ஐ. கொள்கைகளை வெளியிட்டபோது, ஆயுதங்களுக்கு ஏ.ஐ. செய்துதர மாட்டோம் என்று எழுதியிருந்தது. 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழி நீக்கப்பட்டுவிட்டது. அவர்கள் எழுதிய விதி அது. அழிக்கும் ரப்பரும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஏன் அழித்தீர்கள் என்று கேட்க உங்களுக்கும் எனக்கும் ஒரு மன்றம் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: அரசு மட்டும் சொன்ன சொல் மாறாதா?

மாறும். அமெரிக்க அதிபர் பைடன் 2023 அக்டோபர் 30 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். மிகப் பெரிய ஏ.ஐ. மாடல்களைச் செய்கிறவர்கள் பாதுகாப்புச் சோதனை முடிவுகளை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்றது அது. 2025 ஜனவரி 20, டிரம்ப் பதவியேற்ற அன்றே, அந்த ஆணை ரத்தானது. ஆனால் அரசின் மாற்றம் ஊரறிய நடக்கிறது. யார் கையெழுத்திட்டார், எந்தத் தேதியில் என்று பதிவாகிறது. எதிர்த்துப் பேசலாம், வழக்குப் போடலாம், அடுத்த தேர்தலில் கேட்கலாம். ஒருவரின் பேனாவில் பிறந்த ஆணை இன்னொருவரின் பேனாவில் முடிந்துவிடும் என்பதால்தான், முக்கியமானவை சட்டமாகவே வர வேண்டும் என்கிறேன்.

இல்லத்தரசி, குடியாத்தம்: ஏ.ஐ. நெறிமுறை என்கிறார்களே, ஒரே வரியில் சொல்லுங்களேன்.

உங்களைப் பற்றி இயந்திரம் எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்ல, பெயரும் பொறுப்பும் உள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

ரேஷன் அட்டைதாரர், வேலூர்: இதெல்லாம் படித்தவர்களின் கவலை. அரிசி வாங்க வரிசையில் நிற்கும் எனக்கு இதில் என்ன இருக்கிறது?

வரிசையில் நிற்பவருக்குத்தான் எல்லாமே இருக்கிறது. வேறொரு மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்று ஒரு மென்பொருள் ஏற்பாடு. பல அரசுத் துறைகளின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்து, பெயர், முகவரி போன்றவற்றைப் பொருத்திப் பார்த்து, இந்தக் குடும்பத்துக்குக் கார் இருக்கிறது, நிலம் இருக்கிறது, இவர்கள் ஏழைகள் அல்ல என்று அது கணித்துச் சொல்லும். போலி அட்டைகளைக் களைய வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பெயர் பொருத்துவது நம் நாட்டில் எவ்வளவு சிக்கல் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே தெருவில் நான்கு முருகன் இருப்பார்கள். இனிஷியல் ஓர் அட்டையில் முன்னால், இன்னோர் அட்டையில் பின்னால். ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரை, பெயர் ஒத்துப்போன வேறொருவரின் காரோடு அந்த ஏற்பாடு முடிச்சுப் போட்டது. அவர் குடும்பத்துக்கு மானிய அரிசி மறுக்கப்பட்டது. 'எங்களிடம் கார் இல்லை' என்று அந்த வீட்டுப் பெண் அலுவலகம் அலுவலகமாகச் சொல்லிப் பார்த்தார். கணினியில் இருக்கிறதே என்பதுதான் கிடைத்த பதில். 2024 ஜனவரியில் அல் ஜசீராவில் வந்த புலனாய்வுக் கட்டுரை இதை விரிவாகச் சொன்னது.

அதற்கு முன்பே விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போயிருந்தது. ரத்து செய்யப்பட்ட சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் ஆய்வு செய்து மறுபடி சரிபார்க்கும்படி 2022-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆள் போய் வீட்டைப் பார்க்க வேண்டிய வேலையைக் கணினி பார்த்தது. கணினி பார்த்ததைச் சரிபார்க்கக் கடைசியில் ஆள்தான் போக வேண்டியிருந்தது. இடையில் எத்தனை வேளைச் சோறு போயிற்று? என்னை உறுத்துவது இந்தக் கேள்விதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த மென்பொருளின் உள்விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அது தயாரித்த நிறுவனத்தின் உரிமை என்று மறுக்கப்பட்டது. மக்கள் பணத்தில் வாங்கி, மக்கள் சோற்றைத் தீர்மானிக்கும் கணக்கு, மக்களுக்குக் காட்ட முடியாத ரகசியமாம். இதை ஏற்கவே கூடாது.

இ-சேவை மைய ஊழியர், தர்மபுரி: தமிழ்நாட்டில் இதற்கென்று ஏதாவது கொள்கை உண்டா?

உண்டு.  2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு 'பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை'யை வெளியிட்டது. சைபர் பாதுகாப்புக் கொள்கையும் பிளாக்செயின் கொள்கையும் கூடவே வந்தன. எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்த காலம்.

அந்தக் கொள்கையை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதன் தெளிவு பிடிக்கிறது. 'டாம்-டெஃப்' என்று ஆறு அம்சங்களைச் சொல்கிறது: வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், பொறுப்பேற்பு, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, டிஜிட்டல் இடைவெளியும் தகவல் பற்றாக்குறையும், அறம், நியாயம். 'டீப்-மேக்ஸ்' என்று ஒரு மதிப்பெண் அட்டையும் வைத்திருக்கிறது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடுமுன் ஒரு ஏ.ஐ. செயலியைப் பன்மை, சமத்துவம், தனியுரிமை, தணிக்கை என்று அம்சம் அம்சமாக எடைபோட வேண்டும். ஓர் ஊரில், ஒரு சமூகத்தில் சரியாக ஓடியது வேறு ஊரில், வேறு சமூகத்தில் சரியாக ஓடுமா என்பதும் அதில் ஓர் அம்சம். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். சென்னை ஆஸ்பத்திரிப் படங்களில் பழக்கிய கருவி, கூடலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே துல்லியத்தோடு இருக்கும் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

2024 பட்ஜெட்டில் தமிழ்நாடு செயற்கை நுண்ணறிவு இயக்கமும் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் அக்கறை தொடர்வது நல்ல அறிகுறி. நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தத் துறை எந்தச் செயலியை வாங்கினாலும், அதன் மதிப்பெண் அட்டையை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பதிவு எண் போட்டு எடுக்க முடிகிற மாநிலம் இது. முதியோர் உதவித்தொகை மனுக்களைப் பிரிக்கும் மென்பொருளின் மதிப்பெண்ணையும் அப்படி எடுக்க முடிய வேண்டும்.

வழக்கறிஞர், மதுரை: ஏ.ஐ. தவறு செய்தால் அதைத் தண்டிக்க முடியுமா?

முடியாது. அதனால்தான் விற்றவர், வாங்கியவர், ஒப்பமிட்டவர் மூவரின் பெயரும் கோப்பில் இருக்க வேண்டும்.

வங்கி ஊழியர், சேலம்: சாதாரணக் கூட்டல் கழித்தலைக்கூட இப்போது ஏ.ஐ. என்கிறார்களே. அதற்கும் நெறிமுறை வேண்டுமா?

பெயரைப் பார்க்காதீர்கள், முடிவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' விவகாரத்தில் இருந்தது வெறும் வகுத்தல் கணக்கு. ஒருவர் ஆறு மாதம் வேலையில்லாமல் அரசு உதவித்தொகை வாங்குகிறார். அடுத்த ஆறு மாதம் வேலை கிடைத்துச் சம்பாதிக்கிறார். இரண்டுமே சட்டப்படி சரி. அரசின் கணினி என்ன செய்தது? வருமான வரித்துறையிடமிருந்து ஆண்டு வருமானத்தை எடுத்து, வருடம் முழுவதற்கும் சமமாகப் பிரித்தது. இப்போது பார்த்தால், உதவித்தொகை வாங்கிய மாதங்களிலும் அவர் சம்பாதித்ததுபோலத் தெரியும். உடனே 'ஏமாற்றி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு' என்று நோட்டீஸ். கடன் இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில். பல ஆண்டுக்கு முந்தைய சம்பளச் சீட்டை எங்கே போய்த் தேடுவார்?

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2021-இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, திருப்பிக் கொடுத்ததும் தள்ளுபடி செய்ததும் சேர்த்துச் சுமார் 180 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023 ஜூலையில் அறிக்கை தந்த ராயல் கமிஷன், அந்தத் திட்டம் கொடூரமானது, சட்டத்துக்கும் புறம்பானது என்று சொன்னது. நோட்டீஸ் வந்த அதிர்ச்சியில் உயிரை விட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் கமிஷன் முன் வந்து சாட்சி சொன்னார்கள். பள்ளிக்கூட வகுத்தல் கணக்கே இவ்வளவு செய்யும் என்றால், எப்படி முடிவெடுத்தது என்று செய்தவருக்கே விளங்காத கணக்கு என்னவெல்லாம் செய்யும்?

சிறு ஐ.டி. நிறுவன உரிமையாளர், கோவை: விதி மேல் விதி போட்டால் எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்கள் நசுங்கிவிடாதா? பெரியவர்கள் வக்கீல் வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஒரு படிவம் நிரப்புவது பெரிய நிறுவனத்துக்கு ஒரு குமாஸ்தாவின் வேலை. உங்களுக்கு நிறுவனத்தில் பாதிப்பேரின் வேலை. அதனால்தான் ஆதரவு என்பது அறிவுரைப் புத்தகம் அச்சடிப்பதோடு நிற்கக் கூடாது என்கிறேன். சோதித்துப் பார்க்க இடம், சோதிக்கத் தேவையான தகவல், கணினித் திறன், தணிக்கைச் செலவில் பங்கு ஆகியவற்றை அரசு தர வேண்டும். இந்தியா ஏ.ஐ. இயக்கத்துக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 'பாதுகாப்பான, நம்பகமான ஏ.ஐ.' என்று ஒரு பிரிவே இருக்கிறது. மானிய விலையில் ஜி.பி.யு. கணினித் திறன் கிடைக்கிறது. மானிய விலையில் தணிக்கையும் கிடைக்க வேண்டும் என்று உங்கள் சங்கம் கோரிக்கை வைக்கலாமே.

எல்லாருக்கும் ஒரே கெடுபிடி என்பதும் தவறு. பாட்டு பரிந்துரைக்கும் செயலி தப்பான பாட்டைப் போட்டால் அடுத்ததைத் தட்டிவிடலாம். கடன், வேலை, மருத்துவம், ரேஷன், காவல்துறை ஆகியவற்றைத் தொடும் செயலி தப்புச் செய்தால் தட்டிவிட முடியாது. உங்கள் மென்பொருள் இரண்டாவது வகையானால், விதி வரும்வரை காத்திருக்காமல் சோதனைகளை இப்போதே எழுதி வைக்கத் தொடங்குங்கள். நாளைக்கு அரசு டெண்டரில் கேட்கப்போவது அதைத்தான்.

தமிழ் ஆசிரியை, உடுமலைப்பேட்டை: ஐரோப்பாவில் ஏ.ஐ.க்கே தனிச் சட்டம் என்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது?

2024 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம். ஆபத்தின் அளவைப் பார்த்து அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. மேல் அடுக்கில் இருப்பவை முழுத் தடை; 2025 பிப்ரவரியிலிருந்தே அது நடைமுறையில் இருக்கிறது. மக்களின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு, அதைக் கொண்டு சம்பந்தமில்லாத சலுகைகளை மறுப்பது கூடாது. இணையத்திலும் கேமராக்களிலும் கிடைக்கும் முகங்களையெல்லாம் அள்ளி முகத்தகவல் கிடங்கு கட்டுவது கூடாது. பள்ளியிலும் பணியிடத்திலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பது கூடாது. மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு. ஆசிரியையான உங்களுக்கு இந்தக் கடைசித் தடையின் அருமை புரியும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை கவனமில்லாமல் இருக்கிறதா, வீட்டில் நடந்ததை நினைத்துக்கொண்டிருக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

தடையை மீறினால் அபராதம் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், எது அதிகமோ அது. அடுத்த அடுக்கில் வேலைக்கு ஆளெடுப்பது, கடன் தகுதி, அரசு உதவி, எல்லைக் காவல் போன்றவை. அவற்றுக்குச் சோதனை, பதிவு, மனித மேற்பார்வை எல்லாம் கட்டாயம். ஆனால் அந்த அடுக்குக்கான தேதியைத் தள்ளிப்போட 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்மொழிந்தது. தொழில்துறையின் நெருக்கடி அங்கேயும் உண்டு.

பொறியியல் மாணவர், சிவகாசி: நெறிமுறை மீறியதற்காக ஓர் அரசாவது பதவி இழந்ததுண்டா?

நெதர்லாந்து. 2021 ஜனவரி 15. பிரதமர் மார்க் ருட்டே தன் அமைச்சரவை முழுவதோடும் பதவி விலகினார்.

குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவித்தொகையில் மோசடி நடக்கிறது என்று அந்நாட்டு வரித்துறை பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது. யாரைச் சந்தேகிப்பது என்று சொல்ல ஒரு கணிப்பு மாடல் வைத்திருந்தார்கள். விண்ணப்பதாரர் டச்சுக் குடிமகனா இல்லையா என்பது அந்த மாடல் பார்த்த அம்சங்களில் ஒன்று. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அதில் அதிகம் சிக்கின. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் மொத்தத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பல்லாயிரம் யூரோ. வீடு போயிற்று, வேலை போயிற்று, மணவாழ்க்கை முறிந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசின் காப்பில் வைக்கப்பட்டார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பணத்தின் பெயரால் நடந்தது இது.

சந்தேகப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் வந்தது என்று எந்த அதிகாரியாலும் அந்தக் குடும்பங்களுக்குச் சொல்ல முடியவில்லை. மாடல் எண் கொடுக்கும், காரணம் கொடுக்காது. அதிகாரி கோப்பைத் திறந்தால் சந்தேகம் என்ற முத்திரை மட்டும் இருக்கும். முத்திரையைப் பார்த்தவர் கண்ணுக்கு எல்லாமே குற்றமாகத்தான் தெரியும்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 30,000 யூரோ இழப்பீடு என்று அரசு அறிவித்தது. தகவல் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அரசின் ஓர் அமைப்பு அரசின் இன்னோர் அமைப்பைத் தண்டித்திருக்கிறது. அந்தத் துணிவும் சுதந்திரமும் உள்ள ஓர் ஆணையம் நமக்கும் வேண்டும். 2022 டிசம்பரில் அரசு அலுவலகங்கள் பயன்படுத்தும் அல்காரிதங்களுக்கு ஒரு பொதுப் பதிவேடும் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

ருட்டே? இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் அவர் கட்சிதான் மறுபடி முதலிடம். அவரே மறுபடி பிரதமர்.

போட்டித் தேர்வு எழுதுபவர், விருதுநகர்: மத்திய அரசின் நிலைப்பாடு என்ன? சட்டம் வருமா?

இப்போதைக்குப் புதுச் சட்டம் வேண்டாம் என்பதுதான் நிலைப்பாடு. 2025 நவம்பர் 5 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஏ.ஐ. ஆளுகை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வரைவுக் குழுவின் தலைவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன். தேர்வுக்குக் குறித்துக்கொள்ளுங்கள்: ஏழு சூத்திரங்கள். நம்பிக்கையே அடித்தளம், மக்களே முதல், கட்டுப்பாட்டைவிடப் புத்தாக்கம், நியாயமும் சமத்துவமும், பொறுப்பேற்பு, புரியும்படியான வடிவமைப்பு, பாதுகாப்பும் தாங்குதிறனும் நீடித்த தன்மையும். இருக்கிற சட்டங்களை வைத்தே பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம் என்பது குழுவின் கருத்து.

தனியார் செயலிகளைப் பொறுத்தவரை, கொஞ்சம் பார்த்துவிட்டுச் சட்டம் போடலாம் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. அவசரத்தில் போட்டது என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச் உதாரணம். முழுதாகச் சோதிக்கப்படாத மாடல்களை வெளியிட அரசின் முன்னனுமதி வேண்டும் என்று மார்ச் 1 அன்று அறிவுறுத்தல் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மார்ச் 15 அன்று அனுமதி நிபந்தனை நீங்கியது. ஆனால் அரசே தன் குடிமக்கள்மீது ஏ.ஐ.யைப் பயன்படுத்தும் இடத்தில் எனக்குப் பொறுமை இல்லை. கம்பெனியின் செயலி பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம். தாலுகா அலுவலகத்துக்கு மாற்று ஏது? அங்கே விருப்பம்போல் பின்பற்றும் சூத்திரம் போதாது. சட்டம் வேண்டும், தாமதமில்லாமல் வேண்டும்.

காவலர் ஒருவரின் மனைவி, கடலூர்: முகத்தை அடையாளம் காணும் கேமரா வந்தால் குற்றவாளிகளைப் பிடிப்பது சுலபம்தானே?

சுலபம்தான். குற்றவாளி அல்லாதவரைப் பிடிப்பதும் அதே அளவு சுலபம். ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 2018-இல் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. கருநிறப் பெண்களிடம் சிலவற்றில் 34 சதவீதத்துக்கும் மேலே. நம் ஊர்ப் பெண்களின் நிறத்தை நினைத்துக்கொண்டு அந்த இரண்டு எண்களையும் மறுபடி படியுங்கள். பிறகு மென்பொருள்கள் தேறியிருக்கின்றன. வெளியிலிருந்து ஒருவர் சோதித்துச் சொன்னதால்தான் தேறின.

டெல்லி காவல்துறை 80 சதவீத ஒற்றுமை இருந்தால் பொருத்தம் என்று கொள்வதாக, 2022-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தது. அந்த 80 எங்கிருந்து வந்தது, அதை யார் சோதித்தார்கள் என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கணவருக்கும் அதுதான் பாதுகாப்பு. தவறான ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால், நீதிமன்றத்தில் பதில் சொல்லப்போவது கேமரா அல்ல, அவர்தான்.

நீதிமன்ற எழுத்தர், திண்டுக்கல்: தீர்ப்பையும் ஏ.ஐ. எழுதுமா?

எழுதக் கூடாது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் கீழுள்ள மாவட்ட நீதித்துறைக்கு ஒரு கொள்கை வகுத்தது: முடிவுக்கு வரவோ, தீர்ப்பளிக்கவோ ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. மொழிபெயர்ப்பு போன்ற உதவிகளுக்கு அங்கீகரித்த கருவிகள் மட்டும், அதையும் மனிதர் சரிபார்த்த பிறகு. தெளிவான கோடு. மற்ற உயர் நீதிமன்றங்களும் போடட்டும்.

மென்பொருள் தணிக்கையாளர், சிங்கப்பூர்: எங்கள் நாட்டில் சட்டத்தைவிட வழிகாட்டிகளையே நம்புகிறோம். அது பலிக்குமா?

உங்கள் நாடு 2019 ஜனவரியிலேயே மாதிரி ஏ.ஐ. ஆளுகைக் கட்டமைப்பை வெளியிட்டது. அதைவிட நான் மதிப்பது 2022-இல் வந்த 'ஏ.ஐ. வெரிஃபை'. நியாயமாக நடந்துகொள் என்று சொல்வதோடு விடாமல், நியாயமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கக் கருவியையும் கையில் கொடுத்தார்கள். பிறகு அதைத் திறமூலமாக்கியும் விட்டார்கள். அறம் பேசும் அரசுகள் பல. அளவுகோல் செய்து தந்தவை சில. வழிகாட்டி அங்கே வேலை செய்வதற்கு, பின்னால் வங்கித்துறைக்கு நாணய ஆணையம்போலக் கண்டிப்பான கண்காணிப்பாளர்கள் இருப்பதும் காரணம். அந்தப் பின்பலம் இல்லாத நாடுகள் வழிகாட்டியை மட்டும் நகலெடுத்தால் பலிக்காது.

செய்தி வாசகர், தஞ்சாவூர்: யுனெஸ்கோவில் 193 நாடுகள் ஏ.ஐ. அறநெறிப் பரிந்துரையை ஏற்றதாகப் படித்தேன். அதனால் என்ன பயன்?

2021 நவம்பரில் ஏற்றார்கள். பயன் உண்டு: உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் "நாம் ஒப்புக்கொண்டதுதானே, எப்போது செய்வோம்?" என்று கேட்க அது ஓர் ஆதாரம். கேட்காத வரை அது காகிதம்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்: தமிழில் பேசுபவருக்கு ஏ.ஐ. ஆங்கிலத்தில் பேசுபவருக்கு இருப்பதுபோல் பாதுகாப்பாக இருக்கிறதா?

அப்படி நம்பிவிட வேண்டாம். 2023-இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ஜிபிடி-4 பதில் தர மறுத்த ஆபத்தான கேள்விகளை, ஜூலு, ஸ்காட்ஸ் கேலிக் போன்ற, இணையத்தில் எழுத்து குறைந்த மொழிகளுக்கு மாற்றிக் கேட்டார்கள். பெரும்பாலானவற்றுக்குப் பதில் வந்துவிட்டது. காவல் ஆங்கில வாசலில் மட்டும் இருந்திருக்கிறது. தமிழின் நிலை அந்த மொழிகளைவிட மேல் என்றாலும், ஆங்கிலத்தில் செய்த சோதனையை வைத்துத் தமிழுக்குச் சான்றிதழ் தர முடியாது என்பது உறுதி. திருநெல்வேலித் தமிழிலும் மட்டக்களப்புத் தமிழிலும் பேச்சைப் புரிந்துகொள்கிறதா, சாதி சொல்லி இழிவுபடுத்தும் பேச்சைத் தமிழில் அடையாளம் காண்கிறதா என்று சோதிக்கத் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு வேண்டும். சந்தை இதைத் தானாகச் செய்யாது. உங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று மனதார நம்புகிறேன்.

பெயர் வேண்டாம், சென்னை: ஏ.ஐ. நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சோதனையில் குறை தெரிந்தும் "பரவாயில்லை, வெளியிடு" என்கிறார்கள். என்ன செய்வது?

வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். சோதனை முடிவு, தேதி, யாரிடம் சொன்னீர்கள் என்பது பதிவாகட்டும். அலுவலகக் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அது உங்களையே சிக்க வைக்கும். வெளியே சொல்லும் நிலை வந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஏனென்றால் சட்டம் இன்னும் உங்கள் பக்கம் வந்து நிற்கவில்லை. கலிபோர்னியாவில் 2025 செப்டம்பரில் கையெழுத்தான எஸ்.பி. 53 சட்டம், பெரிய ஏ.ஐ. நிறுவனங்களில் ஆபத்தைச் சுட்டிக்காட்டும் ஊழியருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நம் நாட்டில், தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நிறைவேறியும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதுவும் அரசு ஊழியரின் முறைகேடுகளைப் பற்றியது. அறநெறியை ஆதரிக்கிறோம் என்று சொல்லும் அரசு, உங்களைப் போன்றவரை முதலில் காக்க வேண்டும். குறை எங்கே இருக்கிறது என்று உலகத்தில் முதலில் தெரிந்துகொள்பவர் நீங்கள்தான்.

கிராம நிர்வாக அலுவலர், அரியலூர்: எந்த நாட்டைப் பார்த்து நம் அரசு அலுவலகங்கள் கற்கலாம்?

கனடா. அங்கே பாராளுமன்றத்துக்கு வந்த பொதுவான ஏ.ஐ. மசோதா 2025 ஜனவரியில் காலாவதியாகிவிட்டது. ஆனால் 2019-இலேயே அரசு தன் அலுவலகங்களுக்கு ஒரு கட்டளை போட்டுக்கொண்டது. தானியங்கி முடிவெடுக்கும் எந்த ஏற்பாட்டையும் தொடங்குமுன், துறை ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும்: யாரைப் பாதிக்கும், எவ்வளவு காலம், பாதிப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா? விடைகளைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வரை ஒரு நிலை கிடைக்கும். மூன்றும் நான்கும் என்றால் இறுதி முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். நிரப்பிய தாளை வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், முறையிட வழி காட்ட வேண்டும். ஊரைத் திருத்துமுன் அரசு தன் வீட்டைத் திருத்திக்கொண்ட முறை இது. ஒரு கலெக்டர் அலுவலகம் நாளைக்கே இதை ஆரம்பிக்கலாம்.

முதியோர் உதவித்தொகை மனுதாரர், பரமக்குடி: என் மனுவைக் 'கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது' என்றார்கள். நான் என்ன செய்ய?

கம்ப்யூட்டருக்கு மனுவைத் தள்ளும் அதிகாரம் கிடையாது, ஐயா. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(டி): அரசு அலுவலகம் தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும். ஏ.ஐ. என்ற பேச்சு ஊருக்குள் வருமுன்பே எழுதிய சட்டம். உங்களுக்கு இன்றைக்கும் போதும்.

ஒரு வெள்ளைத்தாளில் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பத்து ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்ற சான்று இருந்தால் அதுவும் இல்லை. நான்கு கேள்விகள் போதும். ஒன்று: என் மனு எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது? இரண்டு: முடிவுக்கு வர மென்பொருள் எதுவும் பயன்பட்டதா, அதன் பெயர் என்ன? மூன்று: என்னைப் பற்றிய எந்தத் தகவலை, எந்தத் துறையிலிருந்து எடுத்தார்கள்? அதன் நகல் வேண்டும். நான்கு: நிராகரிப்பு ஆணையில் கையெழுத்திட்ட அலுவலரின் பெயரும் பதவியும் என்ன?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அவர்கள் முதல் மூன்றுக்கு ஏதாவது எழுதிவிட்டு நான்காவதை விட்டுவிடலாம். மேல்முறையீட்டில் அதை முதல் கேள்வியாகப் போடுங்கள். எழுதக் கஷ்டமாக இருந்தால், கேட்பதை எழுதிக்கொள்ள உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.